மருந்தை நிறுத்தாதீர்கள், மாற்று வழியுண்டா என்று கேளுங்கள்!



ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறிச் செல்லும் மலைப்பாதையை உங்களில் சிலர் அறிந்திருப்பீர்கள். மார்கழி மாதத்தில் ஜவ்வாது மலையில் மஃரிப் தொழுகை முடிந்ததுமே கம்பளியைத் தேட வேண்டியிருக்கும். அத்தகைய ஓர் இரவில், அம்மலையில் சாமையும் புளியும் வாங்கி விற்கும் 70 வயதுப் பெரியவர் ஒருவர், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திண்ணையில் அமர்ந்து விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். அவரது மேனியெங்கும் வியர்வை வழிந்தது. முகம் சிவந்திருந்தது. வீட்டார் நடுங்கிப் போயிருந்தனர். கண்ணேறாக இருக்குமோ, ஜின்னின் தொல்லையாக இருக்குமோ என்றஞ்சி, தண்ணீர் ஓதித் தருவதற்காக என்னை அழைத்து வந்திருந்தனர்.

நானும் ஓதினேன், தண்ணீரில் ஊதிக் கொடுத்தேன். அதன் பிறகுதான், "மருந்து ஏதும் உட்கொள்கிறீர்களா?" என்று கேட்டேன். இல்லையென்று தலையசைத்தார். பெண்கள் உள்ளே சென்றபின், டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் என்றும், 3 மாதங்களுக்கு ஒருமுறை ஊசி போட வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. முதல் ஊசி போடப்பட்டிருந்தது. இரண்டாம் ஊசிக்குரிய நாள் கடந்து இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன.

"அந்த ஊசிக்குப் பிறகுதான் ஹஜ்ரத் இப்படியெல்லாம் ஆகிறது. நான் ஆண்தானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்? இனி அங்கே போகமாட்டேன்" என்றார். தமக்கு வந்த நோய் இன்னதென்பதை அவர் தம் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

நான் மருத்துவனல்லன், மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன். எனினும் மறுவாரம் அவரை அழைத்துக்கொண்டு மலையிறங்கி மருத்துவரைக் கண்டேன். மருத்துவர் விளக்கியதையும், அதன்பின் நான் தேடிப் படித்ததையும் உங்கள் முன் வைக்கிறேன். நம் வீடுகளில் இந்நோய் இல்லாமலில்லை. அதைப் பற்றிய பேச்சுத்தான் இல்லை.

நோயும் அதன் உணவும்

சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காயளவில் இருக்கும் சுரப்பியே புராஸ்டேட். ஆண்களுக்கு மட்டுமே உரியது. அதில் தோன்றும் புற்றுநோய், டெஸ்டோஸ்டிரோன் எனும் ஆண்மை ஹார்மோனை உணவாகக் கொண்டு வளர்கிறது. அவ்வுணவைத் தடுத்தால் நோய் சுருங்கும் என்பதை 1941-இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்பவர் தம் துணையாளருடன் எடுத்துக்காட்டினார். அதற்காக 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அன்றிலிருந்து இன்றுவரை வந்துள்ள ஹார்மோன் சிகிச்சைகள் அனைத்தும் இந்த ஒரே அடிப்படையில் எழுந்தவையே. உடலில் பரவிவிட்ட நோயை இவை வேரோடு பிடுங்குவதில்லை. ஆனால் பல்லாண்டுகள் கட்டுப்படுத்தி வைக்க வல்லவை. கதிர்வீச்சுச் சிகிச்சையுடன் குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் இவற்றைக் கொடுப்பதும் உண்டு.

எல்லா மருந்துகளுக்கும் பொதுவான தொல்லைகள்

டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் உடல் பல வகைகளில் மாறும். முதலாவது, திடீர்த் தகிப்பு. உடல் வெப்பத்தைக் கண்காணிக்கும் மூளைப் பகுதி, ஹார்மோன் குறைந்ததும் தடுமாறி, குளிரிலும் "உடல் சூடேறிவிட்டது" என்று தவறாகக் கணித்து வியர்வையைப் பெருக்குகிறது. இச்சிகிச்சை பெறுவோரில் 10 பேருக்கு 8 பேர் வரை இதனை உணர்கின்றனர். நம் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் வருவதும் இதுவே. மலையில் அந்தப் பெரியவரை வாட்டியது ஜின்னுமன்று, கண்ணேறுமன்று.

இல்லற நாட்டம் குன்றும். களைப்பு மிகும். தசை குறைந்து வயிற்றில் கொழுப்பு சேரும். எலும்பு மெலிந்து, சிறு வீழ்ச்சியிலும் முறியக்கூடும். சர்க்கரை நோய் புதிதாகத் தோன்றலாம், இருப்பது முற்றலாம். காரணமின்றிக் கண் கலங்கும், மனம் சோரும். இவை எல்லாருக்கும் எல்லாமும் வருவதில்லை. ஆனால் வரக்கூடும் என்று முன்னரே அறிந்தவர் அஞ்சி ஓடமாட்டார்.

அறுவை சிகிச்சையும் மார்க்கச் சட்டமும்

ஹக்கின்ஸ் காலத்திலிருந்தே உள்ள வழி, விதைகளை அகற்றும் அறுவை. ஒரே நாளில் ஹார்மோன் அடங்கிவிடும். மீண்டும் மீண்டும் ஊசிக்குச் செலவழிக்கவோ, மலையிலிருந்து பயணம் செய்யவோ தேவையில்லை. ஊசியால் வரும் பொதுத் தொல்லைகள் இதிலும் உண்டு. ஆனால் ஊசியை நிறுத்தினால் ஹார்மோன் மீள வாய்ப்புண்டு; அறுவை நிலையானது.

"இது மார்க்கத்தில் ஆகுமா?" என்று பலர் கேட்கின்றனர். இல்லற வாழ்வைத் துறக்க விரும்பிய உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி மறுத்ததும், ஆண்மை நீக்கம் தடுக்கப்பட்டிருப்பதும் ஹதீஸ்களில் உள்ளவையே. அது நலமுள்ள மனிதன் தன்னைத்தானே ஊனப்படுத்திக்கொள்வது பற்றியது. உயிரைக் காக்கச் செய்யும் சிகிச்சை வேறு. நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹில் நிலைபெற்ற விதி. ஐயமிருப்பின் உங்கள் பகுதி ஆலிமையும் மருத்துவரையும் ஒருசேரக் கலந்துகொள்ளுங்கள். ஐயத்தின் பெயரால் சிகிச்சையையே கைவிட்டுவிடாதீர்கள்.

ஊசிகளுக்குள் வேறுபாடு

லூப்ரோலைட், கோசெரலின், டிரிப்டோரெலின் ஆகிய ஊசிகள் ஓரினத்தைச் சேர்ந்தவை. மாதத்திற்கு ஒருமுறை, 3 மாதங்களுக்கு ஒருமுறை, 6 மாதங்களுக்கு ஒருமுறை என்று போடப்படுகின்றன. இவற்றில் ஒரு நுட்பம் உண்டு. முதல் ஓரிரு வாரங்களில் ஹார்மோன் குறைவதற்கு மாறாக ஏறும். அதன் பிறகே இறங்கும். முதுகெலும்பில் நோய் பரவியவர்க்கு அந்நாட்களில் வலி மிகலாம், தண்டுவடம் நெருக்குண்டு கால்கள் செயலிழக்கவும் கூடும், சிறுநீர் அடைபடலாம். அதனால்தான் பைகலூட்டமைடு மாத்திரையைச் சில வாரங்களுக்குச் சேர்த்துக் கொடுக்கின்றனர். "ஊசிதான் போட்டாயிற்றே, மாத்திரை எதற்கு?" என்று அதைத் தவிர்ப்பது ஆபத்து. இவ்வூசிகளால் சர்க்கரை நோயும் இதய நோயும் கூடக்கூடும் என்னும் எச்சரிக்கையை மருந்துத் தாளில் சேர்க்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் ஆணையிட்டது.

2008-இல் அங்கு அனுமதி பெற்ற டெகரெலிக்ஸ் மாறான வழியில் இயங்குவது. அந்தத் தொடக்க ஏற்றம் இதில் இல்லை. சில நாட்களில் ஹார்மோன் அடங்கிவிடும். ஆனால் மாதந்தோறும் போட வேண்டும். போட்ட இடத்தில் வலியும் சிவப்பும் வீக்கமும், குறிப்பாக முதல் ஊசியின்போது, பலருக்கு வருகின்றன.

அதே வழியில் இயங்கும் ரெலுகோலிக்ஸ், நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரை. 2020-இல் வெளியான, 930 பேரிடம் நடந்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெருந்தீங்குகள் லூப்ரோலைட் பெற்றோரில் 100-க்கு 6.2 பேருக்கும், ரெலுகோலிக்ஸ் உட்கொண்டோரில் 2.9 பேருக்கும் நேர்ந்தன. இதைக் கொண்டு, இவ்வினம் இதயத்திற்கு முற்றிலும் பாதுகாப்பானது என்று முடிவு கட்டிவிடலாகாது. இதய நோயுள்ள 545 பேரிடம் டெகரெலிக்ஸையும் லூப்ரோலைடையும் ஒப்பிட்டு, 2021-இல் முடிவு வெளியான ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவ்வாய்வு எண்ணிய அளவுக்கு ஆள் சேராமல் இடையிலேயே முடிக்கப்பட்டது என்பதையும் நினைவிற்கொள்க. மேலும், மாத்திரையை மறந்தால் ஹார்மோன் விரைவில் மீளும். மறதியுள்ள முதியவர்க்கு ஊசியே ஏற்றது.

மாத்திரைகளுக்குள் வேறுபாடு

பழைய மாத்திரைகளுள் ஃபுளூட்டமைடு கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடியது, வயிற்றுப்போக்கும் தரும். பைகலூட்டமைடு ஒப்பீட்டளவில் மென்மையானது. இதனைத் தனித்து உயர்ந்த அளவில் கொடுக்கும்போது இல்லற நாட்டம் ஓரளவு காக்கப்படும். ஆனால் பெரும்பாலோர்க்கு மார்பு பெருத்து வலிக்கும். இதனால் கூச்சமுற்றுப் பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்தியவர்கள் உண்டு. இதைத் தடுக்க முன்கூட்டியே செய்யத்தக்க சிகிச்சைகள் உள்ளன, கேட்டால் கிடைக்கும்.

2011 முதல் வந்த புதிய மாத்திரைகள் பெரும்பாலும் ஊசிக்குப் பதிலாக அன்று, ஊசியுடன் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன.

அபிரட்டெரோன் இரத்த அழுத்தத்தை உயர்த்தும், இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தைக் குறைக்கும், கால்களில் நீர் கோக்கும், கல்லீரலையும் பாதிக்கலாம். இவற்றை அடக்கவே பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை உடன் தரப்படுகிறது. அதுவோ சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலிவிக்கும். அதனைத் திடீரென நிறுத்துவது பெருங்கேடு. அபிரட்டெரோனை வெறும் வயிற்றில் உட்கொள்ள வேண்டும். உணவுடன் உட்கொண்டால் உடலில் சேரும் அளவு பன்மடங்காகிவிடும்.

என்ஸலூட்டமைடுக்கு ஸ்டீராய்டு தேவையில்லை. ஆனால் களைப்பு மிகுதி. இரத்த அழுத்தம் ஏறும். தடுமாறி விழுதலும் எலும்பு முறிவும் நேரும். மிகச் சிலருக்கு வலிப்பு வரும். இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளுடன் இது முரண்படும். அபலூட்டமைடு தோலில் தடிப்பையும், சிலருக்குத் தைராய்டுக் குறைவையும் உண்டாக்கும். 2019-இல் அனுமதி பெற்ற டரோலூட்டமைடு மூளைக்குள் குறைவாகவே நுழைவதால், விழுதல், மறதி, வலிப்பு ஆகிய தொல்லைகளுக்கு அதில் இடம் குறைவு, களைப்பு உண்டு.

முற்காலத்தில் மலிவாகக் கிடைத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, இரத்தக் கட்டியையும் இதய நோயையும் உண்டாக்கியதால் பின்தள்ளப்பட்டது. அதே ஹார்மோனைத் தோலில் ஒட்டும் பட்டையாகக் கொடுத்துப் பிரிட்டனில் ஆராய்ந்துள்ளனர். அம்முறையில் தகிப்பும் எலும்பு மெலிவும் குறைவு. மார்பு பெருத்தல் அதிகம்.

இவற்றையெல்லாம் ஒருசேர நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தொல்லையில்லாத மருந்து என்று ஒன்று இல்லை. ஒருவருக்குத் தாங்கத்தக்க தொல்லை மற்றொருவருக்குத் தாங்கவொண்ணாததாகலாம். எனவே "எது சிறந்த மருந்து?" என்று கேட்பதைவிட "என் உடலுக்கு எது ஏற்றது?" என்று கேட்பதே அறிவுடைமை.

மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டியவை

1. முன்பு மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

2. சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ இருந்தால், அபிரட்டெரோனும் அதனுடன் வரும் ஸ்டீராய்டும் தொடங்கும் முன் தெரிவியுங்கள்.

3. எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலும், அடிக்கடி விழுபவராயினும், என்ஸலூட்டமைடு, அபலூட்டமைடு பற்றிப் பேசுகையில் அதைக் குறிப்பிடுங்கள்.

4. மஞ்சட்காமாலை முதலிய கல்லீரல் நோய் வந்திருந்தால் மறைக்காதீர்கள்.

5. முதுகுவலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் அடைப்பு இருந்தால், முதல் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

6. நாட்டு மருந்து, லேகியம் உட்பட, உட்கொள்ளும் அனைத்தையும் காட்டுங்கள்.

7. மாதந்தோறும் வர இயலுமா, செலவு தாங்குமா என்பதையும் கூச்சமின்றிப் பேசுங்கள். அபிரட்டெரோனை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகளும் உள்ளன. அரசு மருத்துவக் காப்பீட்டில் எது அடங்கும் என்று மருத்துவமனையிலேயே விசாரியுங்கள்.

வீட்டில் செய்யத்தக்கவை

சிகிச்சை தொடங்கும்போதே எலும்பு அடர்த்திச் சோதனை செய்துகொள்வது நன்று. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகைப்போல் மலிவான உணவில்லை. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உள்ளது. வைட்டமின் டி குறைந்திருந்தால் ஈடுசெய்ய வேண்டும். எலும்பை வலுவாக்க ஊசி போடுமுன் பற்களைச் சோதித்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட்டை விட்டொழியுங்கள். நடைப்பயிற்சியுடன், தசைக்கு வேலை தரும் பயிற்சியையும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். களைப்புக்கு ஓய்வைவிடப் பயிற்சியே பயனளிக்கிறது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தகிப்புக்குப் பருத்தியாடை உகந்தது. காரத்தையும் சூடான தேநீரையும் குறைத்துப் பாருங்கள். அடங்காவிடில் அதற்கென்றே மருந்து உண்டு.

ரமலானில் என் செய்வது? நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றவும், நோய் தீரும் வாய்ப்பில்லாதவர் ஏழைக்கு உணவளித்து ஈடுசெய்யவும் மார்க்கம் வழி வைத்துள்ளது. சத்தூட்டாத ஊசியால் நோன்பு முறியாது என்பதே இக்கால ஃபிக்ஹு அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. நோன்பு நோற்க உடல் இடம் கொடுக்குமானால், மாத்திரை நேரத்தை ஸஹரை ஒட்டி எவ்வாறு மாற்றுவது என்று மருத்துவரிடம் ஷஅபானிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பைக் காரணம் காட்டித் தாமாக மருந்தை நிறுத்தலாகாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, மனைவியிடம் சொல்லுங்கள். கணவனையும் மனைவியையும் ஒருவருக்கொருவர் ஆடையாகக் குர்ஆன் உவமித்திருக்கிறது. சொல்லாவிட்டால், தன்மீது வெறுப்புற்றுவிட்டார் என்றல்லவா அந்தப் பெண்மணி எண்ணி மறுகுவார்! அறிவைத் தேடுவதில் வெட்கம் தடையாகாதிருந்த அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். அந்தத் துணிவு நம் ஆண்களுக்கும் வேண்டும்.

அந்தப் பெரியவர்

மருத்துவர் முன் அமர்ந்தபோதுதான் மற்றொன்றும் வெளிவந்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்திருக்கிறது. "அது வேறு நோய், இது வேறு நோய்" என்றெண்ணி அவர் சொல்லாமலிருந்தார். மருத்துவர் அறுவையைப் பற்றியும், வேறு ஊசியைப் பற்றியும், பழைய ஊசியைப் பற்றியும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். மாதந்தோறும் மலையிறங்க இயலாது. அறுவைக்கு மனம் இசையவில்லை. முடிவில் அவர் ஏற்றுக்கொண்டது, தாம் அஞ்சி நிறுத்திய அதே மும்மாத ஊசியைத்தான்! உடன் இதயத்திற்கான மருந்துகளும், தகிப்பைத் தணிக்க ஒரு சிறு மாத்திரையும் சேர்ந்தன. அவருக்குத் தேவைப்பட்டது வேறு மருந்தன்று, விளக்கம்தான்.

தகிப்பு முற்றும் நீங்கிவிடவில்லை, குறைந்திருக்கிறது. இப்போது அவரது மனைவிக்கு எல்லாம் தெரியும். ஊசி நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பவரே அவர்தாம்.

என் போன்ற ஆலிம்களுக்கும் ஒரு வேண்டுகோள். அன்றிரவு நான் ஓதிய பிறகே மருந்தைப் பற்றிக் கேட்டேன். கேளாமலே திரும்பியிருந்தால், ஓதிய தண்ணீரை நம்பி அவர் அடுத்த ஊசியையும் விட்டிருப்பார். அதில் எனக்கும் பங்கிருந்திருக்கும். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. ஆகவே, ஓதிப் பார்க்க உங்களிடம் வருவோரிடம் முதலில் மருந்துச் சீட்டைக் கேளுங்கள். பிறகு ஓதுங்கள், துஆச் செய்யுங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் நலத்தையும், அதைத் தேடும் துணிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.